மெயின் இல்லாத வகுப்பு

தொற்று பரவுவதால் பள்ளிகளை மூடுகிறோம் என்று திங்கட்கிழமை அறிவித்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து பாடமெல்லாம் ஆன்லைனில் என்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு சுற்றறிக்கை வந்தது. நடுவில் கிடைத்தது ஒரே ஒரு புதன்கிழமை. அந்த ஒரு நாளில் தொழிற்பள்ளியின் வயரிங் பட்டறையைப் பெயர்த்துக்கொண்டு வந்து ஒரு வீட்டுச் சமையலறைக்குள் வைக்க வேண்டும்.

சுற்றறிக்கை என்றாலே மேஸ்திரிக்கு ஆகாது. கையெழுத்துப் போட்டவன் ஓர் இடத்தில் இருப்பான், மாட்டிக்கொள்கிறவன் வேறு இடத்தில் இருப்பான் என்பது அவர் கண்ட அனுபவம்.

மேஸ்திரி என்பது பட்டப்பெயர்தான். ஆள் வயரிங் வாத்தியார். எட்டாவதோடு படிப்பை விட்டு, கட்டடங்களில் பைப் பதித்து, ஒயர் இழுத்து, ஏணியின் மேல் நின்றபடியே நாற்பது வயதைத் தொட்டு, அதற்குப் பிறகு வாத்தியார் ஆனவர். பள்ளியில் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. அவர் பட்டறையில் இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஷாக் அடித்ததில்லை.

அதற்குக் காரணம் பட்டறைக் கதவை ஒட்டியிருந்த இரும்புப் பெட்டி. அதுதான் மெயின். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார். அவராகத் திறந்து கைப்பிடியை மேலே தள்ளாதவரை மேசைகளுக்கு ஒரு பொட்டுக் கரண்ட் போகாது. அதனால் பிள்ளைகள் உள்ளே வந்ததும் முதலில், ஒயரும் சுவிட்சும் மாட்டிப் பழகுகிற தங்கள் பலகையின் பிளக்கை மேசை சாக்கெட்டில் சொருகிவிட வேண்டும். இல்லையென்றால் ஒயர் நடைவழியில் கிடந்து காலைத் தடுக்கும். அப்படித் தடுக்கி விழுந்து ஒருவன் முன்பல்லை உடைத்துக்கொண்ட பிறகு அவர் போட்ட சட்டம் அது. சொருகு, ஒயரை ஓரமாக விடு, அப்புறம் வேலையைத் தொடங்கு. கடைசியில் அவர் ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்து, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மெயினைப் போடுவார். அப்போதுதான் விளக்கு எரியும்.

புதன்கிழமை காலையில் பள்ளி முதல்வர் போன் செய்தார்.

"மேஸ்திரி, நாளைக்குப் பதினோரு மணிக்கு உங்க கிளாஸ். பதினொன்றரைக்குக் கோட்டு சாரோடது. ரெண்டையும் ரெக்கார்டு பண்றோம். நானும் உட்கார்ந்து பார்ப்பேன்."

"பாருங்க."

"சும்மா பார்க்க இல்ல. வயரிங்குக்கு இனிமே ஒரு வாத்தியார் போதும்னு மேல சொல்லியாச்சு. யாரு இதுக்குச் சரிப்பட்டு வர்றாங்களோ அவங்க இருப்பாங்க. வெளிப்படையா சொல்லிட்டேன்."

கோட்டு என்பவர் இன்னொரு வயரிங் வாத்தியார். வெயிலானாலும் மழையானாலும் நீலக் கோட்டைக் கழற்றாதவர். டிப்ளமா படித்தவர். ஆறு வருடத்துக்கு முன்பு மேஸ்திரிக்குக் கைத்துணையாக வந்து, பட்டறை நடத்துவதை அவரிடமே கற்றுக்கொண்டு, பக்கத்துப் பட்டறைக்குப் போனவர். அதன் பிறகு இருவருக்கும் வணக்கத்தோடு சரி.

"அப்புறம் ஒண்ணு. பலகையில விளக்கு எரியற போட்டோ வேணும்" என்றார் முதல்வர்.

"வீட்ல கரண்ட் கிடையாது. மாட்டிக் காட்டுவாங்க, பார்ப்பேன். எரியறதெல்லாம் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான்."

"மேலிடத்துல கேட்பாங்களே?"

"கேட்கறவங்களை வந்து ஒரு வீட்ல நின்னு பார்க்கச் சொல்லுங்க. நான் கரண்டைத் தொட விடமாட்டேன்."

முதல்வர் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். இரண்டு வகுப்புக்கும் அதே சட்டம் என்று முடிவானது. அதில் மேஸ்திரிக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வீட்டில் மருமகளும் வாத்திச்சிதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். அவள் பள்ளி ஒரு நாள் முந்திக்கொண்டதால், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு புதன்கிழமையே கத்தித் தொண்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகன் லாரி ஓட்டுகிறவன், எங்கோ எல்லையில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"மாமா, பட்டறையில நீங்க செய்யறதை ஒண்ணுவிடாம எழுதுங்க. எது வீட்ல நடக்காதோ அதை அடிச்சுட்டு வேற போடுங்க. நான் அப்படித்தான் செஞ்சேன்."

"உன் பிள்ளைங்க அணில் வரையுதுங்க. என் பசங்க கத்தி பிடிச்சு ஒயர் சீவறாங்க."

"அணில் வரையறப்பவும் கண்ணைக் குத்திக்குவாங்க மாமா. பேசாம எழுதுங்க."

எழுதினார். நான்கு பக்கம். கத்தியை வெளிப்பக்கமாகத் தள்ளிச் சீவ வேண்டும். பலகையைக் கட்டில்மேல் வைக்கக் கூடாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஸ்க்ரூவைக் கீழே விடக் கூடாது. எல்லாம் எழுதினார், பிளக்கைத் தவிர. நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று யார் எழுதிவைப்பார்கள்? பதினெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அது அவருக்குப் பாடமாகவே தெரியவில்லை.

பலகைகளைப் பள்ளி வேன் வீடுவீடாக இறக்கியது. பட்டறையில் இருந்தபடியே, பிளக்கும் ஒயருமாக.

வியாழக்கிழமை. சமையல் மேடையில் குக்கரைக் கவிழ்த்து அதன்மேல் மருமகளின் லேப்டாப். சுவரில் காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் அவருடைய பலகை. திரையில் பதினான்கு சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம். பதினைந்தாவது கட்டம் கறுப்பு. அதற்குள் முதல்வர் இருந்தார்.

"சார், உங்க மூக்கு மட்டும்தான் தெரியுது" என்றாள் வாயாடி. அவள் பெயர் சொன்னால் பள்ளியில் யாருக்கும் தெரியாது, வாயாடி என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

"மூக்கைப் பார்த்தே கத்துக்கோ."

"சார், குக்கர் விசில் அடிக்குமா?" இது ஃபியூஸ். சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று ஃபியூஸை எரித்துப் பேர் வாங்கியவன்.

"எல்லாரும் மைக்கை அணைங்கடா. நான் மட்டும் பேசறேன்."

அணைத்தார்கள். அடங்கியது. அந்த அமைதியில் மேஸ்திரியின் வாய், பழகிய தடத்தில், தானாக ஓடியது.

"சரி. எல்லாரும் பிளக்கைச் சொருகி ஒயரை ஓரமா விடுங்க. ம், ஆகட்டும்."

பதினான்கு தலைகளும் குனிந்தன, மறைந்தன, திரும்ப வந்தன. சார் சொல்லி எத்தனை முறை செய்தது! ஒருவருக்கும் உறைக்கவில்லை. சொன்னவருக்கும் உறைக்கவில்லை. முதல்வர் கட்டத்திலிருந்தும் சத்தமில்லை.

பாடம் நன்றாகவே போனது. ஒயரின் தோலைச் சீவ, செம்பை முறுக்க, சுவிட்சின் வாயில் கொடுத்துத் திருக என்று கையை லேப்டாப் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒவ்வொரு கட்டமாகக் குனிந்து பார்த்தார். பரவாயில்லையே, கோட்டு என்ன பெரிதாகச் செய்துவிடுவான் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

அப்போதுதான் ஜிம் என்கிறவன் கொஞ்சம் நகர்ந்தான். சதா தோளைக் காட்டும் பனியன் போடுகிற பையன். அந்தத் தோளுக்குப் பின்னால் சுவரில் ஒரு சாக்கெட். சாக்கெட்டில் பிளக். பிளக்குக்கு மேலே கடுகளவு சிவப்பு விளக்கு.

எரிந்துகொண்டிருந்தது.

மேஸ்திரியின் கை தானாக இடுப்புக்குப் போய், சாவியைத் தேடி, மெயின் இருக்கும் பக்கம் நீண்டது. கையில் தட்டுப்பட்டது ஃபிரிட்ஜ் கதவு.

இங்கே மெயின் கிடையாது. பதினான்கு வீடு, பதினான்கு மெயின், ஒன்றுகூட அவர் கைக்கு எட்டாது. பலகையில் இருந்த ஒயரெல்லாம் தோல் சீவின வெறும் செம்பு, சுவிட்சின் வாயில் பட்டால் போதும், கரண்ட் ஏறிவிடும். எந்த வீட்டில் சாக்கெட் சுவிட்ச் போட்டிருக்கிறது, எதில் அணைத்திருக்கிறது, தெரியாது.

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஏணியில் நின்று லைவ் ஒயர் பக்கத்தில் வேலை செய்கிறவனைக் கீழேயிருந்து "டேய்!" என்று கத்தினால் என்ன ஆகும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறார். கத்தியது நல்லதுக்குத்தான். கேட்டவன் பதறினான், கை நழுவியது, அவ்வளவுதான்.

தண்ணீர் குடிக்க வந்த மருமகள் அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். மேஸ்திரி மைக்கை அணைத்தார்.

"பசங்க எல்லாரும் கரண்ட்ல கை வெச்சிருக்காங்க. நான்தான் சொருகச் சொன்னேன். கத்தினா பதறுவாங்கம்மா."

அவள் ஏன் எப்படி என்று கேட்கவில்லை.

"கையை எடுக்கணும், திடுக்கிடக் கூடாது. அவ்வளவுதானே? தள்ளுங்க மாமா."

மைக்கைப் போட்டாள். குரல் தேன் மாதிரி வந்தது.

"செல்லங்களா, எல்லாரும் என்னைப் பாருங்க. ரெண்டு கையும் மெதுவா மேல வருது... மேல வருது... தலைமேல உட்காருது. யாரு முதல்ல? ஆங், சூப்பர்!"

பத்தொன்பது வயதுத் தடியன்கள் திகைத்துப் பார்த்தார்கள். சமையலறையில் சார் இல்லை, யாரோ ஓர் அக்கா கொஞ்சுகிறாள். ஜிம் முதலில் சிரித்தான். ஆனால் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டுக் கையைத் தலைமேல் வைத்தான். ஒவ்வொரு கட்டமாகக் கைகள் மேலே போயின. பிள்ளைகள் எந்த வயதிலும் அந்தக் குரலுக்குக் கட்டுப்படுவார்கள் போலிருக்கிறது.

மேஸ்திரி அவளுக்குப் பக்கத்தில் முகத்தை நீட்டினார். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

"அப்படியே ரெண்டடி பின்னால போங்க. பலகையைத் தொடாதீங்க. இப்பச் சுவர் சுவிட்சை அணைங்க. பிளக்கைப் பிடுங்கி எனக்குக் காட்டுங்க. ஒவ்வொருத்தரா."

பிளக்குகள் திரைக்கு முன்னால் நீண்டன. எண்ணினார். பதிமூன்று.

வாயாடியின் கட்டத்தில் கை மேலே போகவில்லை. குனிந்த தலை, இடது கையில் பலகை, வலது கையில் உரித்த ஒயர், சுவிட்சுக்கு ஓர் அங்குலம் முன்னால். அசைவே இல்லை. கண் இமைக்கவும் இல்லை.

"மாமா, படம் நின்னு போச்சு" என்றாள் மருமகள். "அவளுக்கு சிக்னல் இல்ல. நாம பேசறது கேட்டிருக்காது."

"படம்தான் நின்னுச்சா, இல்ல..."

அவர் முடிக்கவில்லை.

"மேஸ்திரி" என்று கறுப்புக் கட்டம் பேசியது. "என்ன நடக்குது அங்க? இது ரெக்கார்டு ஆகுது, ஞாபகம் வெச்சுப் பேசுங்க."

"ஆகட்டும். பிளக்கைச் சொருகச் சொல்லிட்டேன். பட்டறை நெனப்புல சொல்லிட்டேன். வாயாடி இன்னும் எடுக்கல."

கட்டத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "வீட்ல யாரு இருக்காங்க?"

"அவங்க அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். பகல் டியூட்டி. ஒண்டியா இருக்கா."

"நம்பர் என்கிட்ட இருக்கு. இதோ போன் போடறேன்."

"போடாதீங்க!" இந்த முறை அவர் கத்தியே விட்டார். "அவ போன் பலகைக்கு முன்னாலதான் சாத்தி வெச்சிருக்கு. கைப்பக்கத்துல திடீர்னு மணி அடிச்சா? வேண்டாம்."

"அப்ப என்னதான் பண்றது?"

மேஸ்திரி திரையைப் பார்த்தார். "டேய் ஃபியூஸ். மைக்கைப் போடு. நீ அவ குடியிருப்புதானே?"

"ஆமா சார், எதிர் கட்டடம். அவ நாலாவது மாடி. போய்க் கதவைத் தட்டவா?"

"தட்டாதே. அவங்க கட்டடத்துல மீட்டர் ரூம் எங்க?"

"கீழயே சார், படிக்கட்டுக்கு அடியில."

"போனைக் கையில எடுத்துக்கிட்டு ஓடு. அவ வீட்டு மெயினை இறக்கு."

ஃபியூஸ் ஓடினான். அவன் கட்டத்தில் செருப்பு, வாசல், சிமெண்ட் தரை, ஒரு சைக்கிள் சக்கரம் எல்லாம் ஆடி ஆடிப் போயின. அவன் மூச்சு இரைப்பது சமையலறை முழுக்கக் கேட்டது. மற்ற பன்னிரண்டு பேரும் இன்னும் பிளக்கைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள். யாரும் இறக்கச் சொல்லவில்லை, அவர்களும் இறக்கவில்லை. மேஸ்திரி வாயாடியின் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே குனிந்த தலை. அதே ஓர் அங்குலம்.

"சார், எட்டு மெயின் இருக்கு சார்!"

"நம்பரைப் பாரு."

"எல்லாம் அழிஞ்சு கிடக்கு. ஒண்ணுல மட்டும் ஏதோ எழுதியிருக்கு, அதுவும் பெயிண்ட் அடிச்சுட்டாங்க. எது சார்?"

"எட்டையும் இறக்கு."

"சார், எல்லா வீட்லயும் கரண்ட் போயிடும். பின்னி எடுத்துடுவாங்க."

"அடிச்சா என் பேரைச் சொல்லு. இறக்குடா!"

டக், டக் என்று இரும்புச் சத்தம். எட்டு. மேஸ்திரி விரல் மடக்கி எண்ணினார். எட்டாவதற்குப் பிறகு மாடியிலிருந்து யாரோ, "எவன்டா அவன் கரண்டைப் புடுங்கினது?" என்று கத்தினார். இன்னொரு கதவு திறந்தது. ஒரு பெண்மணி பாத்ரூமில் இருந்தபடியே திட்டினார். வயதானவர்களின் குரல், சின்னக் குழந்தையின் அழுகை, எல்லாம் வந்தன. வாயாடியின் குரல் வரவில்லை.

"சார், நான் மேல போகட்டுமா?"

"ஓடு. இப்பக் கதவைத் தட்டு."

படிகள் ஆடின. ஒன்று, இரண்டு மாடி. மருமகள் மாமனாரின் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இருவருக்கும் தெரியாது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஃபியூஸின் போனில் ஒரு ஜோடிக் கால்கள் இறங்கி வந்தன.

"டேய், நீதானா? உனக்கு எரிக்க ஃபியூஸ் கிடைக்கலைன்னு எங்க பில்டிங்குக்கு வந்துட்டியா?"

வாயாடி. கையில் இன்னும் ஸ்க்ரூடிரைவர்.

மேஸ்திரி குக்கருக்குப் பக்கத்தில் மேடையில் கையை ஊன்றிக்கொண்டார். மருமகள்தான், "அவகிட்டப் போனைக் கொடு தம்பி" என்றாள்.

"சார், எனக்குப் படமும் வரல, சத்தமும் வரல. சரி, வேலையை முடிச்சுட்டுப் பார்ப்போம்னு மாட்டிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள இந்த அறிவாளி..."

"பிளக் எங்கம்மா இருக்கு?"

"சொருகித்தான் இருக்கு. நீங்கதானே சார் சொருகச் சொன்னீங்க?"

"சுவர் சுவிட்ச்?"

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறுவது அந்த ஆடுகிற படத்திலும் தெரிந்தது. வாயாடி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க வீட்ல அதை யாரும் அணைக்கறதே இல்ல சார்" என்றாள் பிறகு, மெல்ல.

"ஃபியூஸ் கீழ போய் நிக்கட்டும். நீ போய்ப் பிளக்கைப் பிடுங்கிட்டு வந்து சொல்லு. அப்புறம் அவன் கரண்டைப் போடட்டும். அந்த மாடிக்காரங்ககிட்ட வாத்தியார் மன்னிப்புக் கேட்டார்னு சொல்லுங்க."

கறுப்புக் கட்டம் தொண்டையைக் கனைத்தது.

"நல்லவேளை மேஸ்திரி, ஒண்ணும் ஆகல. அந்த இடத்தை வெட்டிடலாம். பத்து நிமிஷம்தான். மேல யாரும் பார்க்கப்போறதில்ல."

முதல்வர் நல்லதுக்குச் சொன்னாரா, தன் தலை தப்பிக்கச் சொன்னாரா என்று மேஸ்திரி யோசிக்கவில்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று முப்பத்திரண்டு.

கோட்டு ஆரம்பித்திருப்பான். கோட்டுக்குப் பட்டறை நடத்தச் சொல்லிக்கொடுத்தது யார்? சொருகு, ஓரமாக விடு, வேலையைத் தொடங்கு. சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல் அவனும் சொல்லுவான்.

போனை எடுத்தார்.

"மாமா" என்றாள் மருமகள். "அவருக்குச் சொன்னா... இருக்கறது ஒரு இடம்தானே? அவர் இதைப் பிடிச்சுக்க மாட்டாரா?"

"பிடிச்சுக்கட்டும்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். ஐந்தாவது மணியில் எடுத்தார் கோட்டு.

"என்ன மேஸ்திரி, என் கிளாஸ் ஓடற நேரமாப் பார்த்துக் கூப்பிடறீங்க? முதல்வர் உட்கார்ந்து பார்க்கற நேரம். கெடுக்கணும்னே வர்றீங்களா?"

"அவர் இன்னும் என் கிளாஸ்லதான் இருக்கார். தம்பி, பிளக்கைச் சொருகச் சொன்னியா?"

"என்னது?"

"பலகைப் பிளக். சொருகச் சொன்னியா?"

கோட்டுக்கு மூளை வேகம், அதை மேஸ்திரி எப்போதும் மறுத்ததில்லை. மூச்சு ஒன்று உள்ளே போய் வெளியே வராமல் நின்றது கேட்டது.

"ஐயோ."

"கத்தாதே. பதறினா கை நழுவும். மெதுவா, ரெண்டு கையையும் தலைமேல வைக்கச் சொல்லு. சிரிப்பாங்க, சிரிக்கட்டும். அப்புறம் சுவிட்சை அணைச்சுப் பிளக்கைக் காட்டச் சொல்லு. எண்ணு. எத்தனை பேர்?"

"பதினொண்ணு."

"நான் லைன்ல இருக்கேன். எண்ணு."

கோட்டு சொல்வது தூரத்தில் கேட்டது. முதலில் குரல் பிசிறடித்தது, அப்புறம் நிதானமானது. நான்கு. ஏழு. ஒன்பது. ஒன்பதில் நின்றது. மேஸ்திரி போனைக் கை மாற்றிக் காதில் வைத்துக்கொண்டார், வியர்வையில் வழுக்கியது. பத்து. கோட்டு யாரையோ இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"பதினொண்ணு" என்றார் கோட்டு. "உங்க கிளாஸ்ல யாருக்காவது..."

"இல்ல."

"ரெக்கார்டுல இருந்து எடுத்துட்டாங்களா?"

"எடுக்கலாம்னார். எடுக்கக் கூடாதுன்னு சொல்லப்போறேன்."

"ஏன்? வேலை போயிடும் மேஸ்திரி."

"போகும். நாளைக்கு இன்னொரு பள்ளிக்கூடத்துல இன்னொருத்தன் சொருகச் சொல்லுவான். அவன் இதைப் பார்க்கணுமா, இல்லையா?"

கோட்டு போனை வைத்தார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. மேஸ்திரியும் எதிர்பார்க்கவில்லை. இந்தப் பேச்சை அவன் எங்கே போய் எப்படிச் சொல்லுவானோ, அது அவன் பாடு.

திரைக்குத் திரும்பினார். "எல்லாம் கேட்டுச்சா சார்?" என்றார் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து.

"கேட்டுச்சு."

"அப்படியே அனுப்புங்க. ஒரு துண்டுகூட வெட்டாம."

கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டமே காணாமல் போனது. வாயாடியின் கட்டம் உயிர் பெற்று வந்திருந்தது. பலகை தரையில் கிடந்தது, பிளக் அவள் மடியில் இருந்தது. ஃபியூஸும் திட்டு வாங்கிய முகத்தோடு வீடு வந்து சேர்ந்திருந்தான்.

"தப்பு என்னுது" என்றார் மேஸ்திரி. "உங்க தப்பு இல்ல. நான் சொன்னாலும் யோசிக்காம செய்யாதீங்க. இன்னைக்கு எந்தச் சாமானும் வேண்டாம். பேப்பரும் பென்சிலும் எடுங்க. வரைஞ்சு பார்ப்போம்."

பதினான்கு பேரும் தேடி எடுத்தார்கள். அவருக்கு முதல் கோடு கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

வாயாடியின் மைக் முனகியது.

"சார், ரப்பரைத் தொடலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குக் கேட்டமாதிரியும் இல்லை.

"தொடும்மா" என்றார் மேஸ்திரி.